கையா, மோட்டாரா?

சக்கர வீடுகளைச் செய்து பிழைக்கும் அமெரிக்க மாவட்டம் ஒன்றில் கைப்பிடிக்கும் மின்மோட்டாருக்கும் இடையே நடக்கும் பழைய வழக்கு

பொழுது விடியும் முன்பே மிடில்பரி ஊர்ச் சாலைகளில் சைக்கிள் விளக்குகள் வரிசையாக நகரத் தொடங்கிவிடுகின்றன. வைக்கோல் தொப்பி, தோள் வார் வைத்த கால்சட்டை, மீசை இல்லாத தாடி, பின்னால் கட்டிய சாப்பாட்டுப் பெட்டி. நடுநடுவே கறுப்புக் குதிரை வண்டிகள். இவ்வளவு பேரும் போய்ச் சேர்வது தொழிற்சாலைகளுக்கு. குளிர்பதனப் பெட்டி, ஏர்கண்டிஷனர், டி.வி., பட்டனை அழுத்தினால் எழும்பும் கூரை என்று சகல வசதிகளும் கொண்ட சக்கர வீடுகளை நாள் முழுக்கச் செய்துவிட்டு, மதியம் திரும்பிப் போவார்கள். அவர்களுடைய சொந்த வீடுகளுக்கோ மின்கம்பத்திலிருந்து ஒரு கம்பிகூடப் போவதில்லை.

இவர்கள் ஆமிஷ் மக்கள். ஜெர்மன் கிளைமொழி ஒன்றைப் பேசும் கிறிஸ்தவப் பிரிவினர். அமெரிக்காவில் இவர்களுடைய மூன்றாவது பெரிய குடியிருப்பு, இண்டியானா மாநிலத்தின் வட எல்லையில் எல்கார்ட், லகிராஞ்ச் என்ற இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சிகாகோவிலிருந்து கிழக்கே சுங்கச் சாலையில் இரண்டு மணி நேரப் பயணம். சோளக்காடு, பால்பண்ணை, பிறகு திடீரென்று விமானக் கொட்டகை போன்ற தொழிற்சாலைகள். கார் பின்னால் இழுத்துப் போகும் டிரெய்லர்களிலும் ஓட்டிப் போகும் வண்டி வீடுகளிலும் பத்தில் எட்டு இந்த வட்டாரத்தில்தான் தயாராகின்றன என்பது தொழில்துறையினர் சொல்லும் கணக்கு.

எல்கார்ட் நகரத்துக்கு முன்பு வேறு பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பேண்டு வாத்தியங்களின் ஊர். 1931இல் அங்கிருந்த மைல்ஸ் நிறுவனம் அல்கா-செல்ட்சர் மாத்திரையைக் கொண்டுவந்தது. 1930களில் டிரெய்லர் தொழில் வேர்பிடித்தது. மர வேலையும் தகர வேலையும் தெரிந்த கைகள் சுற்றுப்புறக் கிராமங்களில் ஏராளமாக இருந்தது தொழிலுக்கு வசதியாகப் போயிற்று.

அந்தக் கைகளில் ஒன்று லாயிட் பாண்ட்ரேகருடையது. மடக்கு டிரெய்லரின் கூரையைத் தூக்கும் அமைப்பு ஒன்றை உருவாக்கிய அவர், 1968இல் மிடில்பரி அருகே தன் பண்ணையில், கோழிக் கொட்டகைகளிலும் ஒரு களஞ்சியத்திலும் 'ஜேகோ' நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டில் விற்றவை 132 வண்டிகள். 1985இல் விமான விபத்தில் அவர் இறந்தார். குடும்பம் நிறுவனத்தை வளர்த்தது. 2016இல் எல்கார்ட்டின் தோர் இண்டஸ்ட்ரீஸ் அதை 57.6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

மடக்கு டிரெய்லர் என்பது பாதி பெட்டி, பாதி கூடாரம். சாலையில் போகும்போது இடுப்பு உயரப் பெட்டி. முகாமிட்டதும் கூரை மேலே எழும்பும். இரு முனைகளிலும் படுக்கைகள் இழுப்பறை போல வெளியே வரும். சுற்றிலும் கித்தான் சுவர் விரியும். சிறிய காராலேயே இழுக்க முடிகிற எடை, வீட்டு ஷெட்டில் அடங்குகிற உயரம், மற்ற டிரெய்லர்களைவிடக் குறைந்த விலை. சம்பளக்காரக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஏரிக்கரைகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது இப்படித்தான்.

எல்லாமே அந்தக் கூரையைத் தூக்குவதில்தான் இருக்கிறது. கூரையின் நான்கு மூலைகளிலும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எஃகுக் குழாய்கள். வண்டியின் முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு வின்ச். கைப்பிடியைச் சுற்றினால் உருளையில் எஃகு வடம் சுருளும். அது தரைக்கு அடியில் ஓடி, நான்கு மூலைகளுக்குப் போகும் நான்கு வடங்களையும் ஒன்றாக இழுக்கும். ஒவ்வொரு மூலையிலும் வடத்தின் இழுப்பு, குழாய்களை உள்ளிருந்து மேலே தள்ளும். கிணற்றுக் கப்பியைப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. ஒரே சங்கடம், நான்கு வாளியும் ஒரே சமயத்தில் ஒரே உயரத்துக்கு வரவேண்டும். ஒரு வடம் கொஞ்சம் நீண்டுவிட்டால் கூரை ஒரு மூலையில் சாயும். மையத்து வடம் அறுந்தால் கூரை மொத்தமும் கீழே வரும்.

கைப்பிடிக் கட்சியின் முதல் வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. சுற்றுகிற கைக்குச் சேதி தெரிகிறது. வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. கரகரத்தால் கப்பி தேய்கிறது. திடீரென்று இறுகினால் உச்சி வந்துவிட்டது. மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது. எல்லா மோட்டார்களுக்கும் உச்சியில் தானாக நிற்கும் வசதி கிடையாது. விரலை எடுக்கத் தாமதித்தால் வடம் தெறிக்கும்.

செலவும் இருக்கிறது. கைவின்ச்சில் கெடுவதற்குப் பொருட்கள் குறைவு. பேட்டரி வேண்டாம், வயர் வேண்டாம், ஃபியூஸ் வேண்டாம். காட்டுக்குள் நான்கு நாள் மழையில் கிடந்தாலும் வேலை செய்யும்.

ஆனால் கைவின்ச் எல்லாம் ஒன்றல்ல. பழைய வண்டிகள் சிலவற்றில் இருப்பது வெறும் ராட்செட் பல்சக்கரம். இறக்கும்போது தாழைத் தூக்கிவிட்டுக் கையாலேயே பாரத்தைத் தாங்க வேண்டும். பிடி நழுவினால் கைப்பிடி விசிறி மாதிரி சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்க்கும். பிரேக் வின்ச்சில் இந்த ஆபத்து குறைவு. உள்ளே இருக்கும் உராய்வுத் தட்டுகள், கையை எடுத்த இடத்திலேயே கூரையை நிறுத்திவிடும். சத்தம் போடுகிறதே என்று அந்தத் தட்டுகளில் கிரீஸ் தடவும் அன்பர்கள் உண்டு. பிரேக்குக்கு எண்ணெய் விடுவதும் இதுவும் ஒன்றுதான். பல்சக்கரத்துக்கு மசகு வேண்டும், தட்டுகளுக்குக் கூடாது.

மோட்டார்க் கட்சியின் வாதம் வயதிலிருந்து தொடங்குகிறது. முப்பது வயதில் குழந்தைகளோடு வாங்கிய வண்டியை அறுபது வயதிலும் விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். கூரைமேல் ஏர்கண்டிஷனர் ஏறினால் 40 கிலோ கூடுகிறது. தோள்பட்டை வலி, இதய நோய், முடக்குவாதம் என்று ஏதாவது ஒன்று வந்தால், முகாம் வாழ்க்கை முடிந்தது என்று வண்டியை விற்கவேண்டியதுதான். ஒரு பட்டன் இன்னும் பத்து வருடத்துக் கோடைகளைத் தருமானால், அதைச் சோம்பேறித்தனம் என்று கேலி செய்வது நியாயமில்லை என்பது இவர்கள் கட்சி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு தரப்புமே கொஞ்சம் மிகைப்படுத்துவது தெரிகிறது. 200 கிலோ கூரையை 1.2 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல், 60 வாட் பல்பு ஒன்று 40 விநாடி எரியத் தேவையான அளவுதான். உராய்வில் வீணாவதைச் சேர்த்து அதைப் போல மூன்று மடங்கு என்று வைத்தாலும் பேட்டரிக்கு அது தூசு. ஆரோக்கியமான ஓர் ஆள் நிதானமாகச் சுற்றினால் சில நிமிட வேலை. பல்சக்கர விகிதத்தைக் கூட்டினால் கைக்குப் பாரம் குறையும், சுற்றுகள் கூடும். மொத்த வேலை அதேதான்.

அப்படியானால் மோட்டார்கள் ஏன் காட்டில் கழுத்தறுக்கின்றன? ஆற்றல் கொஞ்சம்தான் என்றாலும் அது சில விநாடிகளுக்குள் தேவைப்படுகிறது. 12 வோல்ட்டில் அதைத் தர மின்னோட்டம் பல பத்து ஆம்பியர் பாய வேண்டும். மெல்லிய வயர், துருப்பிடித்த முனை, மூன்று வருடப் பேட்டரி, இதில் ஏதாவது ஒன்று போதும். வோல்ட்டேஜ் சரிந்து மோட்டார் முனகி நிற்கும். விளக்கு நன்றாக எரிகிறதே என்று சொந்தக்காரர் குழம்புவார். விளக்குக்குத் தேவை ஓர் ஆம்பியர்கூட இல்லை.

நடுவில் மூன்றாவது கட்சி ஒன்று முளைத்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பேட்டரி டிரில்லின் முனையில் ஒரு சாக்கெட்டை மாட்டி வின்ச்சைச் சுழற்றுபவர்கள். காசு மிச்சம். ஆனால் வேகமாகச் சுழற்றினால் பிரேக் தட்டு சூடாகித் தேயும். அடித்து அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் வகை டிரில் இன்னும் மோசம். டிரில்லுக்கு உகந்த இடம் ஜாக்கிதான்.

ஜாக்கியில் இரண்டு வகை. வண்டியின் மூக்கில் இருப்பது இணைப்பு ஜாக்கி. 1,000 கிலோ வண்டியில் 100 முதல் 150 கிலோவரை அதன்மேல் உட்காரும். நான்கு மூலைகளில் இருப்பவை நிலைப்பு ஜாக்கிகள். இவை வண்டி ஆடாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே. டயர் மாற்றவோ மேடு பள்ளத்தைச் சரிசெய்யவோ இவற்றால் வண்டியைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் கூரை நேராக ஏறாது, கதவு மூடாது. கத்தரி வடிவ ஜாக்கி, மடங்கிக் கிடக்கும் நிலையில்தான் சுற்றக் கடினம். கொஞ்சம் எழும்பியபின் இலகுவாகிவிடும்.

வரிசை முக்கியம். முதலில் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து இடவலச் சமன், ரசமட்டம் பார்த்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, காரிலிருந்து கழற்றல், இணைப்பு ஜாக்கியால் முன்பின் சமன், நிலைப்பு ஜாக்கிகள், அதன்பிறகு கூரை, கடைசியில் படுக்கைகள். நிலைப்பு ஜாக்கியை மறந்துவிட்டுப் படுக்கையில் ஏறினால் வண்டி ஏற்றமரம் போல ஒரு பக்கம் சாயும். ரிப்பேருக்காகத் தூக்கிய கூரைக்கு அடியில் தலையை நீட்டும் முன் கட்டை முட்டுக் கொடுப்பதைக் கையோ மோட்டாரோ எந்தக் கட்சியும் மறுப்பதில்லை.

வண்டிகளைச் செய்யும் ஆமிஷ் சமூகத்துக்குள்ளும் இதே கேள்வி வேறு உருவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் இயந்திரத்துக்கு எதிரிகள் என்பது பொதுவான தவறு. புதிதாக ஒன்று வந்தால், அது குடும்பத்தையும் சபையையும் சேர்த்து வைக்குமா பிரிக்குமா என்று ஒவ்வொரு சபையும் கூடிப் பேசித் தீர்மானிக்கிறது. மின்கம்பம் கூடாது, பேட்டரி ஆகலாம். கார் ஓட்டக் கூடாது. வாடகை வேனில் போகலாம். பட்டறை இயந்திரங்கள் அழுத்தக் காற்றில் ஓடலாம். சமீப வருடங்களில் இந்த வட்டாரச் சபைகள் பல, பேட்டரி சைக்கிளுக்கும் சம்மதித்திருக்கின்றன. நிலம் துண்டு துண்டாகி விவசாயம் கட்டுப்படியாகாமல் போனபோது, தொழிற்சாலை வேலைக்கும் இப்படித்தான் சம்மதம் கிடைத்தது.

அந்தச் சம்மதத்துக்கு விலை உண்டு. நாட்டுக்கு ஜலதோஷம் வந்தால் எல்கார்ட்டுக்கு நிமோனியா வரும். 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா இங்கே வந்து பேசிய சமயம் தொழிற்சாலைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. மார்ச்சில் வேலையில்லாதோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். 2021இல் கொரோனாவுக்குத் தப்பி வெட்டவெளி தேடிய கூட்டத்தால் அமெரிக்காவில் 6 லட்சம் வண்டிகள் தயாராகி அதுவரை இல்லாத உச்சம் எட்டியது. 2023இல் அது சுமார் 3.13 லட்சமாக விழுந்தது. பண்ணையை விட்டு வந்த குடும்பத்துக்கு இந்த ஊஞ்சல், பழைய வறட்சியைவிடப் பழகக் கடினமானது.

மடக்கு டிரெய்லருக்கும் பழைய மவுசு இல்லை. பெரிய நிறுவனங்களின் கவனம் கெட்டிச் சுவர் வண்டிகள் பக்கம் போய்விட்டது. எல்கார்ட்டில் சுங்கச் சாலையை ஒட்டி வண்டி வீடுகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1913ஆம் ஆண்டின் டிரெய்லர் ஒன்றும், நடிகை மே வெஸ்ட்டுக்காகச் செய்த 1931ஆம் ஆண்டு ஷெவர்லே வண்டியும் அங்கே நிற்கின்றன.

அதனால் இன்று மடக்கு டிரெய்லர் தேடுபவர்கள் பெரும்பாலும் பழைய வண்டியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கோடை முடிந்து இலை உதிரும்போது, பனிக்கு முன் விற்றுவிட வேண்டும் என்று இண்டியானாவின் வீட்டு வாசல்களில் இவை விலைச் சீட்டோடு நிற்கும். அனுபவசாலிகள் கித்தானைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் கூரையை முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கச் சொல்கிறார்கள். நான்கு மூலைகளும் சேர்ந்து எழும்புகின்றனவா, பாதியில் கையை எடுத்தால் அங்கேயே நிற்கிறதா என்று கவனிக்கிறார்கள். மோட்டார் வைத்த வண்டியென்றால் கூடுதலாக ஒரு கேள்வி. பேட்டரி செத்துப்போனால் கையால் சுற்றுவதற்கு மோட்டாரின் பக்கத்தில் ஒரு துளை இருக்கும். அதில் மாட்டும் கைப்பிடி பத்திரமாக இருக்கிறதா? சொந்தக்காரர் அதைத் தேடி எடுத்து வந்து காட்டிய பிறகுதான் விலைப் பேச்சு.