ஆள் தெரியாத அடி

என் தங்கை மகளுக்கு ஒன்பது வயதில் நீரிழிவு வந்தது. "மிட்டாயை அளவில்லாமல் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்று உறவினர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். தங்கை அதை நம்பிவிட்டாள். டாக்டர் சொன்னதோ வேறு. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிட்டனவாம். மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

அன்றிரவு ஊசி போட்டு முடிந்ததும் குழந்தை கேட்டாள்: "மாமா, என் உடம்புக்கு என் மேல் என்ன கோபம்?"

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் கைவசம் இருக்கும். அன்று இல்லை. அதனால்தான் படிக்கத் தொடங்கினேன்.

வெள்ளணுக்களில் 'இயற்கைக் கொல்லி டி அணு' என்று ஓர் இனம் உண்டு. பெயர் பயங்கரமானது, கூட்டமோ சின்னஞ்சிறியது. ரத்தத்திலுள்ள டி அணுக்களில் நூற்றுக்கு ஒன்று தேறுவதே அரிது. மற்ற டி அணுக்கள் பெரும்பாலும் புரதத் துணுக்கைக் கண்டு பகைவனை அறியும். இவையோ, சிடி1டி என்ற மூலக்கூறு ஏந்திக் காட்டும் கொழுப்புப் பொருளைக் கண்டு விழித்துக்கொள்ளும். விழித்த சில மணி நேரத்திற்குள் மற்ற அணுக்களுக்கு ரசாயனச் செய்திகளை அனுப்பும். அவற்றில் 'அடி' என்பதும் உண்டு. 'அடங்கு' என்பதும் உண்டு.

இவற்றை எழுப்பும் மருந்து அகப்பட்ட விதம் வேடிக்கையானது. ஜப்பானில் கிரின் என்ற பீர் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள், புற்றுநோய்க்கு மருந்து தேடி, ஒகினாவாப் பக்கத்துக் கடற்பஞ்சு ஒன்றை ஆராய்ந்தார்கள். அதிலிருந்த பொருளை ஒட்டிச் செய்ததுதான் ஆல்பா கேலக்டோசில் செரமைடு. அது இந்த அணுக்களைத் தட்டி எழுப்புகிறது என்பது 1997-ல் தெரிந்தது. தானாகவே நீரிழிவு வரும் ஒருவகைச் சுண்டெலிகள் இருக்கின்றன. அவற்றின் உடம்பில் இந்த அணுக்கள் குறைவு. அவற்றுக்கு நோய் முற்றுமுன் அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பல எலிகள் நோய்க்குத் தப்பின. இது 2001-ல் வெளிவந்த சேதி.

துள்ளிக் குதித்தேன். மேலே படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். வேறு சோதனைகளில், எலிகளின் ஆஸ்துமாவில், இதே அணுக்கள் சண்டையை மூட்டியும் விட்டிருக்கின்றன. எலிக்குப் பலித்த அந்த வைத்தியம் இன்னும் குழந்தைகளுக்கு மருந்தாகவில்லை. அழிந்த அணுக்களை அது மீட்டுத் தரவும் செய்யாது.

ஆனாலும் பதில் கிடைத்துவிட்டது. "கோபமில்லை அம்மா. ஆள் தெரியாமல் அடித்துவிட்டது. விலக்கிவிட ஆட்களும் உள்ளேயே இருக்கிறார்கள், அன்று போதவில்லை" என்றேன். குழந்தை யோசித்துவிட்டுத் தூங்கப் போனாள். சமையலறை வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த தீபாவளிக்கு வந்த மாமி ஒருத்தி மறுபடியும் மிட்டாய்ப் பேச்சை எடுத்தாள்.

"அதனால் இல்லை, மாமி" என்றாள் தங்கை. குரல் நடுங்கவில்லை.