றெக்கைக்கடியில் குடித்தனம்!

ஆஷ்காஷ்! தும்மலுக்கும் இருமலுக்கும் நடுவே வருகிற சத்தம் மாதிரி இருந்தாலும் இது ஓர் ஊர். அமெரிக்காவில், விஸ்கான்ஸின் மாநிலத்தில், வின்னிபேகோ ஏரிக்கரையில் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் மட்டும் உலகத்திலேயே பிஸியான கன்ட்ரோல் டவர் இந்தச் சின்ன ஊரில்தான். 10,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் வந்து இறங்குகின்றன.

வருகிற வழி இன்னும் வேடிக்கை. ரிப்பன் என்கிற ஊரிலிருந்து (நம்ம பில்டிங் இல்லை சார்!) ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே பறந்து வரணும். ஃபிஸ்க் கிராமத்தில் கீழேயிருந்து ரேடியோவில் கூப்பிடுவார்கள். பதில் பேசக்கூடாது, றெக்கையை ஆட்ட வேண்டும். மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை தலையாட்டுகிற மாதிரி. ரன்வேயில் கலர் கலராகப் பொட்டு. 'பச்சைப் பொட்டில் இறங்கு' என்றால் பச்சையில்தான் இறங்கணும்.

நான் போனது 2019-ல். விழா ஆஷ்காஷுக்கு வந்து தொடர்ந்து 50-வது வருடம். ஆரம்பிப்பதற்கு முன்பே பெருமழை. எங்கு பார்த்தாலும் சகதி. வீட்டிலேயே விமானம் கட்டியவர்களுக்குத் தனி வரிசை. றெக்கைக்கடியில் கூடாரம், ஸ்டவ், கொடியில் துண்டு. பாதிக்கு மேல் சொந்தக் கையால் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். 'எக்ஸ்பெரிமென்டல்' என்று ஏறும் இடத்திலேயே எழுதியும் வைக்கணும். மனைவி ஏறுகிற இடத்தில் இப்படி ஒரு வார்த்தை!

அந்த வரிசையில் ஓர் ஆர்.வி.-6. ஜோடியாக உட்காரும் இரண்டு ஸீட். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு ரிட்டயர்டு பெரியவர். புரொப்பெல்லர் பளபளவென்று அலுமினியம்.

"போன வருஷம் வரைக்கும் மரம்தான். மழை தின்னுடுச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். ஏறக்குறைய ஆறடி விசிறி. அது நிமிடத்துக்கு 2,600 சுற்று சுற்றினால் நுனி மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் மழைத்துளி, துளி இல்லை, சரளைக்கல். விளிம்பு பிய்ந்து, விமானமே அதிர, இன்ஜினைத் தணித்து ஒரு வழியாக இறங்கியிருக்கிறார். பக்கத்து ஸீட்டில் மனைவி.

அதோடு மரம் பருவத்துக்குப் பருவம் ஊதும், சுருங்கும். போல்ட்டைத் திரும்பத் திரும்ப அளந்து முடுக்கணும். தளர்ந்தால் உராய்ந்து நடுக்கட்டை கருகும். அப்புறம் விசிறி தனியாக, விமானம் தனியாக!

சரி, உலோகம் மாட்டினால் கவலை தீர்ந்ததா? அதுதான் இல்லை. எடை கிட்டத்தட்ட இரட்டிப்பு. மூக்கு கனத்துவிட்டதால் மூன்று சக்கரத்தையும் தராசில் ஏற்றி மறுபடி கணக்குப் போட்டார். (அந்தக் கணக்கில் பின்னால் இன்னொரு பெட்டிக்கு இடம் கிடைத்தது. அம்மணிக்கு அதுவே லாபம்!) மரம் அதிர்வை விழுங்கிவிடும், அலுமினியம் விழுங்காது. இன்ஜினின் ஒவ்வொரு உதையும் தகட்டில் ஏறும். அதனால் 2,600-க்கு மேல் கூடாது என்று மீட்டரில் சிவப்புக்கோடு. ஒரு பொடிக்கல் வடு பட்டால்கூட உடனே அரம் வைத்து வழித்துவிடணும். விட்டால் அங்கேதான் விரிசல் பிறக்கும். தரையில் தட்டினால் மரம் சிலும்பாகி இன்ஜினைக் காப்பாற்றக்கூடும். உலோகம் வளைந்து அடியை நேரே கிராங்க்ஷாஃப்டுக்கு அனுப்பும். அப்புறம் இன்ஜினைப் பிரித்துத்தான் பார்க்கணும்.

புல்லட்டுக்கு ஸ்ப்ராக்கெட் மாற்றிவிட்டு நேரே ஈ.ஸி.ஆருக்குப் பறக்கிற தம்பிகள் கவனிக்க: இவர் விமானத்துக்கு உள்ள விதிப்படி, பெரிய மாற்றம் செய்தால் குறைந்தது 5 மணி நேரம் தன்னந்தனியாகப் பறந்து சோதிக்க வேண்டும். பயணி கூடாது.

"அஞ்சு மணி நேரத்துல முடிச்சிட்டீங்களா?"

"பன்னண்டு ஆச்சு. எனக்குத் திருப்தியா வேணாமா?"

அப்போது அவர் மனைவி காபியோடு வந்தார். "அந்தப் பன்னண்டு மணி நேரமும் ஓடுதளத்து ஓரமா கார்ல உட்கார்ந்திருந்தேன். ஏறுறதைவிட அது கஷ்டம்" என்றார் என்னிடம்.

பழைய மர விசிறி?

"ஹால் சுவத்துல மாட்டி நடுவுல கடிகாரம் வச்சிருக்கார்" என்றார் அம்மணி. "மணி சரியாத்தான் காட்டுது. அதையும் மாசா மாசம் முடுக்கிட்டு இருக்கார்!"