ஒரு சீட்டுகூட ஜெயிக்காத கட்சி

எதிர்க்கட்சியால என்னத்தைக் கிழிக்க முடியும்னு கேக்கறவங்களுக்கு 2016 தேர்தல்தான் என்னோட பதில். பல வருஷமா மதுவிலக்கையே பேசிக்கிட்டிருந்த பாமகவுக்கு அதுல ஒரு தொகுதிகூடக் கிடைக்கலை. ஆனா 2015லேயே கருணாநிதி, ஆட்சிக்கு வந்தா மதுவிலக்குன்னு அறிவிச்சார். ஜெயலலிதா 'படிப்படியாக' என்றார். பதவியேற்ற மே 23 அன்னைக்கே 500 டாஸ்மாக் கடைகளை மூட உத்தரவு போட்டார். கடை திறக்கிற நேரமும் 10 மணியிலிருந்து 12 ஆச்சு. தோத்த கட்சியோட கோரிக்கைக்கு ஜெயிச்ச கட்சியோட கையெழுத்து!

ஆனா பேச்சு கடை எண்ணிக்கையோட நின்னுபோச்சு. 2024 ஜூன்ல எங்க தியாகதுருகத்துக்குப் பக்கத்துல, கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல, கள்ளச்சாராயம் 60 பேருக்கு மேல காவு வாங்கிச்சு. அப்புறம்தான் சட்டத்துல தண்டனையைக் கூட்டினாங்க. எதிர்க்கட்சியோட வேலை பேச்சை ஆரம்பிச்சு வைக்கிறதோட முடியலைங்க. தேர்தல் முடிஞ்ச பிறகும் விடாம கணக்கு கேக்கணும்.