வடுவூர் ஏரிக்குப் போய் வாருங்கள்!

தஞ்சாவூருக்கு வருகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்ப்பார்கள், தலையாட்டி பொம்மை வாங்குவார்கள், ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். மன்னார்குடி சாலையில் சுமார் 25 கி.மீ. போனால் வடுவூர். அங்கே கோதண்டராமரைச் சேவித்துவிட்டு, சாலையோரத்து ஏரியையும் பார்த்துவிட்டு வாருங்கள். மன்னார்குடி பஸ்ஸிலேயே போய் இறங்கலாம்.

இந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. காவிரித் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து ஏரி நிறைந்த பிறகு போவதே நல்லது. கோடையில் ஏரி வற்றிவிடும்.

நாங்கள் போனது மார்கழி மாதக் காலையில். "எல்லாம் கொக்குதானே அம்மா?" என்றாள் என் பெண். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது அவளுக்கு. அலகு கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சளாக, மாட்டோடு கூடவே நடந்தால் உண்ணிக்கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறந்தால் வெள்ளை இறக்கை, அதுதான் மடையான். பாக்குவெட்டி மாதிரி அலகின் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. அரிவாள் போல வளைந்த அலகு இருந்தால் அரிவாள் மூக்கன்.

படம் எடுக்க விலை உயர்ந்த காமிரா வேண்டியதில்லை. வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அலகும் காலும் தெரியும்படி எடுங்கள். தேதி, இடம், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், வீட்டுக்கு வந்து புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடித்துவிடலாம். கூட்டுக்குக் கிட்டே மட்டும் போகவே கூடாது. தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும், காக்கை வேறு கொத்திப் போகும்.

ஏரிக்கரையில் நாற்று நடப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் சொன்னார்: "உழவு ஓட்டுறப்ப பின்னாடியே கொக்கு வரணும்மா. புழு பூச்சியெல்லாம் அதுவே பொறுக்கிடும்."

சென்ற வருஷம் எங்கள் தெருவில் ஒருவர் கூடையில் பறவை கொண்டுவந்தார். "காட்டுக் கோழி மாதிரி, குழந்தைங்களுக்கு உடம்புக்கு நல்லதும்மா" என்றார். எட்டிப் பார்த்த என் பெண், "அம்மா, இது மடையான்!" என்றாள். காலைக் கட்டி வைத்திருந்தார். பூச்சிமருந்து அடித்த வயல்களில் மேய்கிற பறவை, குழந்தைக்கு எப்படி நல்லதாகும்? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்காவும் பையை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாங்க ஆளில்லை என்றால் கண்ணி வைப்பதும் குறையும் அல்லவா?

2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டை மாடியிலோ வயல் வரப்பிலோ 15 நிமிஷம் நின்று எண்ணி, இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். வருகிற பொங்கலுக்கு, கரும்பு கடிக்கும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய் எண்ணிப் பாருங்களேன்!