ஒடிந்த ஊசி

ராத்திரி பதினொரு மணிக்கும் மகள் கம்ப்யூட்டர் முன்னால். "கூலியில்லாத வேலைக்குக் கண்ணைக் கெடுத்துக்கிறயே கண்ணு!" என்று கடிந்துகொண்டேன்.

"'திருப்பூர்' எத்தனை எழுத்தும்மா?"

"அஞ்சு."

"கம்ப்யூட்டர் பத்துங்குது. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியா எண்ணுது."

அதைச் சரியாக எண்ணவைப்பது 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரல் நூலகமாம். முத்து அண்ணாமலை பொதுவில் விட்ட 'எழில்' தமிழ் நிரல்மொழியும் இப்படித்தானாம். அடியிலுள்ள பைதான் மொழி மாறினால் இவற்றையும் பழுது பார்க்க வேண்டுமாம்.

பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவள் நான். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி ஒடிந்தால் துணி நெடுகக் கோடு விழும். பனியன் பனியனாகத் தைத்து மாளாது; ஊசியைத்தான் மாற்ற வேண்டும். மாற்றியவர் பெயர் எந்தப் பனியனிலும் இருக்காது.

இப்போதெல்லாம் கடிவதில்லை, சகோதரிகளே. பால் டம்ளரை வைத்துவிட்டு, "லைட்டைப் போட்டுக்க கண்ணு" என்கிறேன்.