கஃபார் பிடித்தால்

நம் வயதுக்காரர்களிடம் கவுன்சிலிங் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்பார்கள். முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நிற்க வெட்கமில்லை. மனசுக்கு மட்டும் வெட்கம்.

நானும் போயிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் மனைவி காலமாகி ஆறு மாதம் இருக்கும். நெஞ்சை அடைப்பது போல வரும். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமில்லை. இ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. டாக்டர் கடைசியில், "ஐயா, வீட்டில் யாரோடு பேசுவீர்கள்?" என்று கேட்டார். மகன் பிரான்சில் இருக்கிறான். ஞாயிறு தோறும் வீடியோவில் வருவான். "நல்லா இருக்கேம்பா" என்பேன். வேறு யாருமில்லை. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே வரிசையில் இருந்தவர்கள் நம் தெருவில் தினமும் பார்க்கும் முகங்கள்தான். பரீட்சை என்றால் வாந்தி எடுக்கும் பிள்ளை ஒருவன். கணவன் குடிப்பதால் தூக்கம் கெட்ட பெண் ஒருத்தி. நினைவு தப்பிய மாமியாரை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மருமகள், மாமியாருக்காக அல்ல, தனக்காக வந்திருந்தாள். ரிட்டையர் ஆனபின் பொழுது போகாமல் எரிந்து விழுகிறார் என்று ஒருவரை மகள் அழைத்து வந்திருந்தாள்.

ஆலோசகருக்கு என் மகள் வயது இருக்கும். "எல்லாம் விதி, தைரியமா இருங்க" என்று அவர் சொல்லவில்லை. மூன்று மணிக்கு எழுந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவள் குடிக்கும் செம்பில் இன்னமும் தண்ணீர் நிரப்பி வைப்பதைச் சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. மகனிடம் சொன்னால் பயப்படுவான். நண்பரிடம் சொன்னால் புத்தி சொல்வார்.

ஆறு முறை போனேன். பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காரச் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் கடற்கரையில் நடக்கச் சொன்னார். நெஞ்சடைப்பு நின்றது. துக்கம் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும்.

பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'கஃபார்' என்றால் கரப்பான்பூச்சி. மனச்சோர்வுக்கும் அதே சொல்தான். விளக்கைப் போட்டாலே ஓடுகிற கரப்பானும் உண்டு, மருந்தடித்தால்தான் போகிற கரப்பானும் உண்டு. ஆலோசகர் பேசிச் சரிசெய்வார், மருந்து எழுத மாட்டார். மருந்து தேவையென்றால் மனநல மருத்துவர் எழுதுவார்.

முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. உடம்பு வலி, பசியின்மை, மறதி என்று வேடம் போட்டு வரும். தைராய்டு கோளாறும் பி12 குறைவும் இதே மாதிரி காட்டும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

பென்ஷனுக்காக வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்று அந்தப் படிவத்தில் யாரும் கேட்பதில்லை. அதை நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

நேரில் போகத் தயக்கமென்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். விடியற்காலை மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.