பால் கணக்கு நோட்டு

ஜூலை 8
கையில் அகப்பட்டது பால் கணக்கு நோட்டுதான். பிள்ளைக்குக் காய்ச்சல், 101.4. எட்டு மாதம். வெளியே சாரல் விடவில்லை.

ஜூலை 9
டோக்கன் 31. சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு மணி நேரமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே போனதும் “வீசிங், டாக்டர்” என்பது மட்டும்தான் வாயில் வந்தது. “அதை நான் பாத்துச் சொல்லணும். நீங்க என்ன பாத்தீங்க?” என்றார். மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள்? ஐந்து மில்லி. எந்தப் பாட்டில்? முழித்தேன். பாராசிட்டமால் ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டாம். எனக்கு அட்டைப்பெட்டியின் நிறம்தான் நினைவிருந்தது. கடைசியாக ஒண்ணுக்குப் போனது? டயபர் போட்டிருந்தேன், தெரியவில்லை.

அம்மை பின்னால் நின்றவள் முன்னே வந்தாள். “பாலு ஒரே மூச்சா குடிக்க மாட்டேங்கான் சாரே. ரெண்டு இழுப்பு, பிறவு விட்டுட்டு எளைக்கான். மூக்கு வெடைக்கு. இங்க குழி விழுகு.” சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டினாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்துதான் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைப் பார்த்தேன். 125. அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 10
மூச்சை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அழாமல் கிடக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம். அரை நிமிஷம் எண்ணி இரட்டிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இரண்டு மாதம் முதல் ஒரு வயசு வரை 50-ஐத் தொட்டால் வேகமூச்சு. அதற்கு மேல் ஐந்து வயசு வரை 40. குழல் வைத்துப் பார்க்கத் தெரியாதவர்களும் கண்டுபிடிக்கட்டும் என்று வகுத்ததாம்.
46. 44. 47.
“எண்ணி எண்ணிப் பிள்ள மொகத்தப் பாக்க மறந்திராத” என்றாள் அம்மை. எரிச்சலாக வந்தது.

ஜூலை 12
காய்ச்சல் 99. சிரித்தான். சாளை வாங்கினேன்.

ஜூலை 15
ராத்திரி இரண்டு மணி. 52. திரும்ப எண்ணினால் 49. இன்னொரு தடவை, 53. இதில் எதைச் சொல்ல?
அம்மை நோட்டைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். “பூனை உறங்குகது மாதிரி கேக்கு.”
அதை அப்படியே எழுதிக்கொண்டேன். சாயங்காலத்திலிருந்து டயபர் நனையவில்லை, அதையும்.
ஆட்டோ வந்துவிட்டது. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நோட்டு என் கையில். காலையில் பால்காரர் வந்தால் குறித்து வைக்க ஆளில்லை.